பற்களின் பின்பக்கம்

அத்தியாயம் 9

பள்ளிக்கூட மாடிப்படியில் மூட்டை மயங்கி விழுந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

அந்த ஆறு நாளும் அம்மா அவளை விட்டு அசையவில்லை. காலையில் முட்டை, பால். மதியம் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறை. மூட்டையும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். தட்டைத் துடைத்து வைத்தாள். "இன்னும் கொஞ்சம்" என்று அவளே கேட்டபோது அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் அன்னைக்கே சொல்லல? எல்லாம் பரீட்சை பயம்" என்று அப்பா ஜெயித்த தோரணையில் சொன்னார்.

மூட்டை என்பது அப்பா வைத்த பட்டப்பெயர். ஆறு வயதில் கன்னமும் தொப்பையுமாக உருண்டு திரிந்தவளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, "மூட்டை வந்திருக்கு, எங்க இறக்கட்டும்?" என்று அறை அறையாகச் சுற்றுவார். அவளும் கெக்கெக்கே என்று சிரிப்பாள். உறவெல்லாம் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டது. இப்போது அவளுக்குப் பதினேழு வயது. சீருடையின் இடுப்பை இரண்டு ஊக்குப் போட்டுப் பிடித்திருந்தாள். பெயர் மட்டும் இளைக்கவில்லை.

ஏழாம் நாள் காலை, தண்ணீர் குடித்தவள் தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"பல் கூசுதும்மா."

"எந்தப் பல்லு?"

"எல்லாமே."

அம்மாவுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. பதினான்கு வருடமாகப் பல் மருத்துவமனையில் உதவியாளராக இருப்பவள். பல் கூச்சமெல்லாம் அவளுக்குத் தும்மல் மாதிரி. "கிளம்பு. முதல் ஆள் வர்றதுக்குள்ள டாக்டர்கிட்ட ஒரு பார்வை காட்டிட்டு நீ ஸ்கூலுக்குப் போயிடலாம்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

*

பல் டாக்டர் அதிகம் பேசாத பெண்மணி. நாற்காலியைச் சாய்த்து விளக்கை இழுத்துக் கொண்டுவந்தார். அம்மா பழக்கதோஷத்தில் மகளின் கழுத்தில் காகிதத் துண்டைக் கட்டி, உறிஞ்சு குழாயைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

வாய்க்குள் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள் என்று அம்மாவுக்கு அங்கே பெயர். யார் புகை பிடிப்பவர், யார் தூக்கத்தில் பல்லை நறநறப்பவர், யார் டாக்டரைப் பார்க்க வரும் நாள் மட்டும் ஒழுங்காகப் பல் தேய்ப்பவர், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சாயங்காலம் வீட்டில் அதையெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

டாக்டரின் கையிலிருந்த சின்னக் கண்ணாடி மேல்வரிசைக்குப் பின்னால் போய் நின்றது. நகரவில்லை.

"உள்ள போய் புதுக் கண்ணாடி ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்றார் டாக்டர்.

கைக்கெட்டும் தூரத்திலேயே தட்டில் ஐந்து கண்ணாடிகள் இருந்தன. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையிடம் தனியாக ஏதோ கேட்க வேண்டியிருந்தால் டாக்டர் பெற்றவர்களை இப்படித்தான் வெளியே அனுப்புவார். அந்தப் பெற்றவர்களுக்கு அம்மாதான் கதவைத் திறந்துவிடுவாள். இன்று அவளே கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

கருவிகளைக் கொதி ஆவியில் சுத்தம் செய்யும் பெட்டியின் முன்னால் நின்றாள். காதல், கீதல் என்று ஏதாவது இருக்குமோ? சிகரெட்டா? என்னென்னவோ ஓடியது. ஓடாத ஒன்றுதான் நாற்காலியில் படுத்திருந்தது.

திரும்பி வந்தபோது மூட்டை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கண்ணீர் காதை நோக்கி வழிந்திருந்தது.

"நீங்களே பாருங்க" என்று டாக்டர் எழுந்து இடம் கொடுத்தார்.

அம்மா கண்ணாடியை வைத்துப் பார்த்தாள்.

முன்னாலிருந்து பார்த்தால் நல்ல பற்கள்தான். அவற்றின் பின்பக்கம் தேய்ந்து, வழவழவென்று, மேல்பூச்சு போய் உள்ளே இருக்கும் மஞ்சள் தெரிந்தது. கடைவாயில், மூன்று வருடம் முன்பு இதே நாற்காலியில் அடைத்த ஒரு பல். அடைப்பு அப்படியே நின்றிருக்க, சுற்றியிருந்த பல் கரைந்து கீழே இறங்கியிருந்தது.

இந்த மாதிரி வாய்களை அவள் மூன்று முறை பார்த்திருக்கிறாள். மூன்று பேரும் சின்னப் பெண்கள். வயிற்றில் இருக்கும் அமிலம் அடிக்கடி வாய்க்கு வந்தால்தான் பல் பின்பக்கமாகக் கரையும். அடிக்கடி என்றால், தினம். அந்தப் பெண்கள் போன பிறகு அவளே சொல்லியிருக்கிறாள்: "பெத்தவ கண்ணை எங்க வச்சிருந்தாளோ!"

"எவ்வளவு நாளா?" என்றாள் மகளிடம்.

டாக்டர்தான் சொன்னார். "நாள் கணக்கு இல்ல. ரெண்டு வருஷம் இருக்கும்."

அம்மா, ஆறு நாளாகத் துடைத்து வைக்கப்பட்ட தட்டுகளை நினைத்துப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டதை நினைத்துப் பார்த்தாள். சாப்பிட்டதும் தினம் குளிக்கப் போனாளே, சுத்தக்காரி என்று பெருமைப்பட்டோமே.

டாக்டர் மூட்டையின் மணிக்கட்டைப் பிடித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். விட்டுவிட்டு மறுபடி பிடித்தார்.

"பல்லை அப்புறம் பாத்துக்கலாம். நீங்க இவளை இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாடி ரொம்ப மெதுவா இருக்கு, நடுநடுவுல விட்டு விட்டு அடிக்குது. ரத்தத்துல பொட்டாசியம் பாக்கச் சொல்லி எழுதித் தர்றேன்."

"பல் டாக்டர் எழுதினா அங்க பாப்பாங்களா?"

"பாக்கலன்னா எனக்குப் போன் போடுங்க. நான் போடுற சத்தத்துல பாப்பாங்க."

*

பார்த்தார்கள். சத்தம் போடத் தேவையே வரவில்லை. மார்பில் ஒட்டிய கம்பிகள் வழியே இயந்திரம் ஒரு நீளக் காகிதத்தைத் துப்பியது. அதைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி டாக்டர், இளம் வயதுக்காரர், உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்தே பேசினார்.

"பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. இதயம் எப்ப வேணா தடம் மாறலாம். இன்னைக்கே அட்மிட் பண்ணணும். டிரிப்ஸ் ஏத்தணும். இதயத் துடிப்பை ராத்திரி பகலா மிஷின்ல பாக்கணும். உடம்பு ஒரு நிலைக்கு வந்ததும் மனநல டாக்டரும் வந்து பாப்பாங்க."

அப்பா வந்து சேர்ந்தது அந்த நேரத்தில்தான். லிப்ட் பழுது பார்ப்பவர். பதினைந்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் கம்பி வடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவரை அழைத்திருந்தாள் அம்மா. நீலச் சட்டை முழுக்கக் கறுப்புத் திட்டு. கடைசி வாக்கியம் மட்டும் அவர் காதில் விழுந்திருந்தது.

"மனநல டாக்டரா? எதுக்கு? என் பொண்ணு என்ன பைத்தியமா?"

"சார், கொஞ்சம் மெதுவா."

"ஒரு நாலு நாள் ஒழுங்கா சாப்பிட்டா எல்லாம் சரியாயிடும். ஏன் மூட்டை, சாப்பிட்டுடுவேல்ல? அப்பாவுக்காக?"

திரைக்குள்ளே கட்டிலில் படுத்திருந்தவள் கூரையைப் பார்த்தபடி இருந்தாள். போர்வைக்கு வெளியே கை கிடந்தது. விரல் முட்டிகளின் மேல் பழைய தழும்புகள். பல் பட்டுப் பட்டு, செருப்பு கடித்த இடம்போல் தடித்திருந்தன. இதையும் அம்மா இன்றுதான் பார்த்தாள்.

"லிப்ட் ஞாபகம் இருக்காப்பா?" என்றாள் மூட்டை.

"எந்த லிப்ட்டு? நான் பாக்கறது ஆயிரம் லிப்ட்டு."

"எனக்குப் பதினொரு வயசு. நீங்க வேலை பாக்கற கட்டடத்தைக் காட்டறேன்னு கூட்டிட்டுப் போனீங்க. லிப்ட்ல எல்லாரும் ஏறிட்டாங்க. கடைசியா நான் ஏறினேன். எடை அதிகம்னு அலாரம் அடிச்சுது."

அப்பாவின் முகத்தில் ஏதோ எட்டிப் பார்த்தது.

"நீங்க சொன்னீங்க: 'நான் பழுது பாத்த லிப்ட்டு. பொய் சொல்லாது. மூட்டையை இறக்குங்கப்பா'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் இறங்கிட்டேன். கதவு மூடிக்கிச்சு. நான் ஒன்பது மாடியும் நடந்தே ஏறி வந்தேன்."

"அடியே, அது சும்மா தமாஷுக்குச் சொன்னது!"

"தெரியும்ப்பா. நானும்தான் சிரிச்சேன்."

அப்பா வாயைத் திறந்தார். "மூ..." என்று தொடங்கியவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். மகளுக்கு ஆசையாக ஒரு நல்ல பெயர் வைத்துப் பதிவு செய்தவர் அவர்தான். அதைச் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. நாக்கு அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு நின்றது. கிடைப்பதற்குள் நர்ஸ் ஊசித் தட்டோடு வந்துவிட்டார்.

"கையை நீட்டும்மா."

மூட்டை கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். "அந்தப் பாட்டில்ல சர்க்கரை இருக்கா?"

"இது பொட்டாசியம். ஒரு வகை உப்புதான்."

"பொய். எனக்குத் தெரியும். இனிப்பு ஏத்துவீங்க. ஊதிடுவேன்." குரல் கிறீச்சிட்டது. பச்சைக் கோடுகள் ஓடும் சின்னத் திரையில் எண்கள் தடுமாறின. டாக்டர் குனிந்து, குரலைத் தணித்துக் கேட்டார்.

"உன்னைக் கட்டிப் போட்டு ஊசி குத்த எனக்கு இஷ்டமில்ல. நீயே சொல்லு, என்ன பண்ணினா ஒத்துக்குவே?"

"சித்தி வரணும். சித்தி சொன்னா போட்டுக்கறேன்."

"இதெல்லாம் உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க? போன்ல பாத்தியா?" என்று கேட்டார் டாக்டர்.

மூட்டை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அம்மா தங்கைக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. உடற்பயிற்சி வகுப்பு நேரத்தில் அவள் போனைத் தொடமாட்டாள்.

"நீங்க இங்க இருங்க. நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு அம்மா கிளம்பினாள்.

*

தங்கை உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு தெரு. நடந்து போகப் போக, அம்மாவின் பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோபமாக மாறிக்கொண்டு வந்தது.

மூன்று வருடம் முன்பு தங்கைதான் வந்து கேட்டாள். "மூட்டையை என்கிட்ட விடுக்கா. ஆறு மாசத்துல ஆளையே மாத்திக் காட்டறேன்."

காட்டினாள். அதை ஊருக்கே காட்டினாள். கூடத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு படம். இடது பாதியில் பதினான்கு வயது மூட்டை, தோளைக் குறுக்கிக்கொண்டு, அழுது முடித்த முகத்தோடு. வலது பாதியில் பதினைந்து வயது மூட்டை, இடுப்பில் கை வைத்து. மேலே கொட்டை எழுத்தில் "அன்று", "இன்று".

உறவெல்லாம் அந்தப் படத்தைப் பார்க்க வந்தது. அம்மா அதைப் போனில் எடுத்து வைத்து, பல் டாக்டரிடமும் காட்டினாள். டாக்டர் அன்று "ம்" என்று மட்டும் சொன்னார். பொறாமை என்று அம்மா நினைத்தாள்.

வாசலுக்கு வந்ததும் படத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. தங்கை எதையும் அரைகுறையாகச் செய்பவள் இல்லை. நாலு மூலையும் திருகாணி போட்டு இறுக்கியிருந்தாள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கினாள். இரண்டு நகம் உடைந்து ரத்தம் வந்தபோது ஒரு மூலை பிய்ந்தது. "இன்று" கிழிந்து தொங்கியது. "அன்று" மட்டும் சுவரில் நின்றது.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஓடுபொறிகளில் ஓடிக்கொண்டிருந்த பெண்கள் ஓட்டத்தை நிறுத்தாமலே வேடிக்கை பார்த்தார்கள்.

"அக்கா! என்னக்கா பண்றே? பைத்தியமா உனக்கு?"

தங்கை ஓடி வந்து கையைப் பிடித்தாள். முப்பத்தாறு வயது. பார்த்தால் இருபத்தைந்து சொல்லலாம். அக்காவை அப்படியே தன் அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"அவ ஆஸ்பத்திரில கிடக்கா" என்றாள் அம்மா. "ரெண்டு வருஷமா சாப்பிட்டதையெல்லாம் வெளிய எடுத்திருக்கா. இதயம் நின்னுடும்கறாங்க. உன் படத்துல இருக்கறாளே, அந்த அழகியைத்தான் சொல்றேன்!"

தங்கை மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "எப்படித் தெரிஞ்சுது?"

என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அது அம்மாவுக்கு அப்போது உறைக்கவில்லை.

"பல்லு. காலையில கூசுதுன்னா. கூட்டிட்டுப் போனேன். பின்பக்கம் மொத்தமும் போயிருக்கு. தண்ணி கூடக் குடிக்க முடியலடி அவளால."

"அது கொஞ்ச நாள்ல பழகிடும்க்கா" என்றாள் தங்கை.

ஆறுதலாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது.

வெளியே பாட்டுச் சத்தம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தங்கையையே பார்த்தாள். பதினான்கு வருடத்தில் ஒரு தடவைகூட இவள் பல்லைக் காட்ட வந்ததில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அம்மா முன்னுரிமை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். கூடப்பிறந்தவள் மட்டும் வந்ததில்லை. "எனக்கு இரும்புப் பல்லுக்கா" என்று சிரித்து மழுப்பிவிடுவாள்.

"வாயைத் திற."

"அக்கா, விடு."

"திறடி!"

அம்மா போன் விளக்கைப் போட்டாள். தங்கை சின்னக் குழந்தைபோல அண்ணாந்து வாயைத் திறந்தாள்.

மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும் பீங்கான் உறை போட்டவை. நல்ல வேலைப்பாடு, தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. அவற்றுக்கு அடுத்த பற்கள் தேய்ந்து குட்டையாகியிருந்தன. அம்மா விளக்கை அணைத்தாள்.

"உறை எப்ப போட்டே?"

"இருபத்தாறு வயசுல. உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா உனக்குத் தெரிஞ்சிடும். மூணு மணி நேரம் பஸ்ல போய் வேற ஊர்ல போட்டுக்கிட்டேன்."

"அவளுக்குச் சொல்லிக் குடுத்தது..."

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீயா?"

"ஒரே ஒரு தடவைக்கா. சத்தியமா ஒரே தடவை. போட்டோ எடுக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு பிறந்தநாளுக்குக் கூட்டிட்டுப் போனேனே, அங்க. ரெண்டு துண்டு கேக் சாப்பிட்டுட்டா. பாத்ரூம்ல உக்காந்து அப்படி அழுதா. 'எல்லாம் போச்சு சித்தி, எல்லாம் போச்சு'ன்னு நடுங்கினா. என்னால பாக்க முடியல. நான் அழும்போது எனக்கு யாரும் ஒரு வழி சொல்லல. நானே கண்டுபிடிச்சு, தொண்டையெல்லாம் கிழிச்சுக்கிட்டேன். அவளாவது கஷ்டப்படக் கூடாதுன்னு..."

அம்மாவின் கை ஓங்கியது.

"அடி" என்றாள் தங்கை. நகரவில்லை. "அடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. எனக்குப் பதினாலு வயசு. உன்னோட மஞ்சள் கவுனைக் கேட்டேன். போட்டுப் பாருன்னு குடுத்தே. முதுகுல ஜிப் ஏறல. நீ உன் பிரெண்ட்ஸ் எல்லாரையும் ரூமுக்குள்ள கூப்பிட்டே. 'வாங்கடி, தலையணைக்கு உறை மாட்டறோம், ஒரு கை பிடிங்க'ன்னே. அஞ்சு பேர் சேந்து இழுத்தீங்க. கவுன் கிழிஞ்சுது. நீங்க விழுந்து விழுந்து சிரிச்சீங்க. அன்னைக்கு சாயங்காலம்தான்க்கா முதல் தடவை."

ஓங்கிய கையோடு அம்மா யோசித்தாள். மஞ்சள் கவுன்? அப்படி ஒன்று இருந்ததா? சிநேகிதிகள் முகங்கள் வந்தன. அந்த அறை வந்தது. அந்த நாள் மட்டும் வரவில்லை. எவ்வளவு தோண்டியும் வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒருத்தி தினம் சுமந்ததை, தூக்கி வைத்தவள் அன்றைக்கே மறந்து போயிருக்கிறாள்.

"எனக்கு ஞாபகமே இல்லடி" என்றாள்.

"தெரியும். எப்பவாவது ஞாபகம் வந்து ஒரு வார்த்தை கேப்பேன்னு ரொம்ப நாள் பாத்துக்கிட்டு இருந்தேன்."

கை தானாக இறங்கியது. அதே கையில் போன் அதிர்ந்தது. அப்பா.

"எங்க இருக்கே? நர்ஸ் மூணு தடவை வந்துட்டாங்க. போர்வையைச் சுருட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கையை நீட்ட மாட்டேங்கறா. இன்னும் அரை மணி நேரத்துல பிடிச்சுக் கட்டித்தான் ஏத்தணும்கறாங்க. என்னால அதைப் பாக்க முடியாது, சொல்லிட்டேன். வா சீக்கிரம்."

அம்மா போனை வைத்தாள். இவளை மகள் பக்கத்தில் விடலாமா? விடாமல் இருந்தால்? இருக்கிற நேரம் அரை மணி.

"உன்னைத்தான் கேக்கறா. கிளம்பு."

*

வாடகைக் காரில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசல் கண்ணில் பட்டபோது தங்கை கேட்டாள்.

"அவகிட்ட நான் என்னக்கா சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். வாயைத் திறந்து காட்டு."

"அக்கா..."

"எனக்குக் காட்டினேல்ல? அவளுக்கும் காட்டு. வேற எந்த யோசனையும் நீ அவளுக்குச் சொல்லக் கூடாது. இதுவரைக்கும் சொன்னது போதும்."

மூன்றாவது மாடித் தாழ்வாரத்தில் அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கறுப்பு எண்ணெய்க் கையால் முகத்தைத் துடைத்திருக்க வேண்டும். நெற்றி முழுக்கக் கறை. மனைவியைப் பார்த்ததும் எழுந்தார்.

"மன்னிப்புக் கேக்கலாம்னு உள்ள போனேன்" என்றார். "நல்ல பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். யாரையோ கூப்பிடற மாதிரிப் பாத்தா."

அம்மா அவர் பக்கத்தில் உட்காரவில்லை. அவர் தோளையும் தொடவில்லை. வேறொரு நாளில் தொட்டிருப்பாள்.

தங்கை திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். அம்மா வெளியிலேயே, திரைக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள். ஊசித் தட்டோடு வந்த நர்ஸிடம் "ஒரே நிமிஷம்" என்று கைகாட்டினாள்.

"சித்தி!" மூட்டையின் குரலில் காலையிலிருந்து கேட்காத ஒரு உயிர். "வந்துட்டியா? இவங்ககிட்ட சொல்லு சித்தி, அந்தப் பாட்டில் வேண்டாம்னு. நீ சொன்னா கேப்பாங்க. நீதான் சொல்லியிருக்கேல்ல, ஒரு நாள் விட்டா கூட எல்லாம் திரும்பி வந்துடும்னு. சொல்லு சித்தி. ஏன் அழறே?"

கட்டில் லேசாகக் கிறீச்சிட்டது. தங்கை உட்கார்ந்திருப்பாள்.

"இங்க பாரு" என்றாள் தங்கை. இதயத்தை எண்ணும் இயந்திரம் மட்டும் பொறுமையாக எண்ணிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு எண்ணிக்கையை விட்டுவிட்டு, மறுபடி பிடித்துக்கொண்டது. நர்ஸ் அம்மாவைப் பார்த்தார். அம்மா திரையைப் பார்த்தாள்.

"இது உன் பல்லே இல்லையா?" மூட்டையின் குரல் இறங்கியிருந்தது.

"இல்ல."

"எப்போலேர்ந்து?"

"இருபத்தாறு வயசுலேர்ந்து."

"நீ எப்பவோ விட்டுட்டேன்னு சொன்னியே. இளைச்சதும் விட்டுட்டேன், நீயும் ஆறு மாசத்துல விட்டுடலாம், ஒண்ணுமே ஆகாதுன்னு சொன்னியே. நான் எப்ப எப்ப ஆறு மாசம் ஆகும்னு இருந்தேன் சித்தி. ஒவ்வொரு ஆறு மாசமும் இந்தத் தடவை விட்டுடுவேன்னு இருந்தேன்."

தங்கை விசும்பும் சத்தம் வந்தது. மூட்டை அழவில்லை. ஒரு ஆசிரியை விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதுபோலக் கேட்டாள்.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே சித்தி?"

பின்னால் அப்பா பெஞ்சை விட்டு எழுந்து வரும் காலடி கேட்டது.

"சாப்பிட்டது இப்ப எங்க இருக்கு?"

திரைக்குப் பின்னால் தங்கையின் விசும்பல் உடைந்து அழுகையானது.

நர்ஸ் தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். சற்றுப் பொறுத்து, திரையின் விளிம்புக்குக் கீழே, தழும்பேறிய முட்டிகளோடு ஒரு மெலிந்த கை மெல்ல வெளியே வந்தது. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. ஊசிக்காக நீட்டியதா, அம்மாவைத் தேடி நீட்டியதா என்று தெரியவில்லை. அம்மா அதைப் பிடித்துக்கொள்ளக் குனிந்தாள்.

"நீ இல்லம்மா" என்றது உள்ளிருந்து குரல். "நர்ஸை வரச் சொல்லு."